பார்க்க ஒரு சுவர், கெடுக்க ஒரு தாள்

"வாத்தியாரே, மதுரைக்கு எதுக்கு ஓவியக் கல்லூரி? மீனாட்சியம்மன் கோயிலை விடப் பெரிய கல்லூரி எங்க இருக்கு?"

காலை நடையில் கூட வரும் நண்பர் போன வாரம் இப்படிக் கேட்டார். வருவாய்த் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். நிறையப் படிப்பவர், நல்ல மனிதர். அங்கேயே பதில் சொன்னேன். ஆனால் நடந்துகொண்டே சொல்லும் பதிலில் மூச்சு வாங்குகிறது. பாதிதான் வெளியே வருகிறது. மீதியை இங்கே எழுதுகிறேன். அவருக்காக மட்டும் அல்ல. இதே கேள்வியைப் பெற்றோர், தலைமை ஆசிரியர்கள், அதிகாரிகள் என்று பல வாய்களில் இருந்து முப்பது வருடத்துக்கு மேல் கேட்டாகிவிட்டது. கேட்கிற எல்லாரும் ஏதோ பெரிய உண்மையைச் சொல்லிவிட்ட முகத்தோடு கேட்கிறார்கள். அதுதான் எரிச்சல்.

என்னைப் பற்றி இரண்டு வரி. மதுரை மாவட்டத்துப் பள்ளிகளில் 33 வருடம் டிராயிங் மாஸ்டர். ஃப்ரீஹேண்ட் அவுட்லைன், மாடல் டிராயிங் என்று லோயர், ஹையர் தேர்வுகளை எழுதி, டிடிசி முடித்து வேலைக்கு வந்த கூட்டத்தில் ஒருவன். ஓவியக் கல்லூரி வாசலை மாணவனாக மிதித்தது கிடையாது. ஆகவே என் கல்லூரிப் பெருமைக்காக வாதாடுகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

என் கட்சி இதுதான். படம் வரைகிற பிள்ளைக்கு இரண்டு பொருள் வேண்டும். ஒன்று, பார்க்க ஒரு சுவர். அதில் வேறொருவர் கையால் வரைந்த அசல் படம் தொங்க வேண்டும். இரண்டாவது, கெடுக்க ஒரு தாள். கெடுத்தால் யாரும் திட்டக் கூடாது. இந்த இரண்டையும் மதுரை தன் பிள்ளைகளுக்குக் கொடுக்கவில்லை. கொடுக்காததை மறைக்கக் கோயிலைக் காட்டுகிறோம்.

முதலில் தாளைப் பற்றிப் பேசுவோம்.

ஒத்தக்கடைப் பக்கம் ஒரு பள்ளியில் சில வருடங்கள் இருந்தேன். வகுப்பு ஜன்னலில் யானைமலை முழுசாகத் தெரியும். துதிக்கையை நீட்டிப் படுத்திருக்கிற யானை மாதிரியே இருக்கும் ஒற்றைப் பாறை. காலையில் ஒரு நிறம், மதியம் வெளிறிப் போய் ஒரு நிறம், மழை பெய்தால் கறுத்து வழியும். அந்த ஜன்னலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளிடம் "மலை வரையுங்கப்பா" என்று சொன்னால் என்ன வரும் தெரியுமா? நாற்பது பேரும் இரண்டு முக்கோணம் போட்டு, நடுவில் அரைச் சூரியனைச் செருகி, அடியில் ஒரு குடிசை, ஒரு தென்னை, நீலத்தில் ஓர் ஆறு. வைகையில் நீலத் தண்ணீரை இவர்கள் எந்த வருடம் பார்த்தார்கள்? மணலையும் கருவேலஞ்செடியையும் பார்த்து வளர்ந்த பிள்ளைகள். கண்ணுக்கு எதிரே யானை படுத்திருக்கிறது. கை முக்கோணம் போடுகிறது.

பிள்ளைகள் மேல் குற்றம் இல்லை. முக்கோணத்துக்குத்தான் நாம் பரிசு கொடுக்கிறோம். சுதந்திர தினம், சாலைப் பாதுகாப்பு வாரம், கடைத் திறப்பு விழா, எதற்கெடுத்தாலும் ஓவியப் போட்டி. ஒரு மணி நேரம், ஒரு சார்ட் பேப்பர். போட்டிக்கென்றே தெருவுக்குத் தெரு வகுப்புகள் வந்துவிட்டன. ஒரு மயில், ஒரு பாரத மாதா, ஒரு பூமி உருண்டை அழுகிற படம் என்று ஐந்தாறு படங்களை மனப்பாடம் செய்ய வைத்து அனுப்புகிறார்கள். பிள்ளை அதையே ஊர் ஊராகப் போய் வரைகிறது. வீட்டில் கேடயம் அடுக்கிய அலமாரி. ஆறு வருடம் கழித்தும் அதே மயில். அந்தப் பிள்ளை வளர்ந்திருக்கிறது, படம் வளரவில்லை.

அப்படி ஒரு போட்டிக்கு நடுவராகப் போயிருந்தேன். எங்கே, யார் நடத்தியது என்பது வேண்டாம். மூன்று நடுவர்கள். மேலூர்ப் பக்கத்துக் கிராமத்தில் இருந்து ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி வந்திருந்தாள். அப்பா கிரானைட் கல்லுக்குப் பாலிஷ் போடுகிற வேலை பார்த்தவர். 2012இல் குவாரிகள் மூடப்பட்ட பிறகு கிடைத்த கூலிக்குப் போய்க்கொண்டிருந்தார். தலைப்பு "என் ஊர்". அந்தப் பெண் சார்ட் முழுக்க ஃபெவிகாலைப் பூசி, வீட்டில் இருந்து தாளில் மடித்துக் கொண்டுவந்திருந்த கிரானைட் தூளைத் தூவி, அது காய்வதற்குள் ஈர்க்குச்சியால் கீறிக் கீறி வெட்டிப்போட்ட குவாரிப் பள்ளத்தைக் கொண்டுவந்திருந்தாள். பள்ளத்தில் தேங்கிய தண்ணீருக்கு மட்டும் ஒரே ஒரு பச்சைத் தீற்றல். பக்கத்தில் நின்றால் கல் தூசி மூக்கில் ஏறியது. 33 வருடத்தில் ஒரு மாணவியிடம் நான் பார்த்த மிகத் துணிச்சலான வேலை அது.

மற்ற இரண்டு நடுவர்களும் ஒரே குரலில் சொன்னார்கள்: "அழுக்கா இருக்கு சார்." முதல் பரிசு மயிலுக்குப் போனது. நான் எழுதிக் கொடுத்த மறுப்பை வாங்கி, மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்கள்.

யோசித்துப் பாருங்கள். தூள் ஒட்டுமா, எவ்வளவு பசை வேண்டும், எப்போது கீறினால் கோடு நிற்கும் என்று எத்தனை அட்டைகளை வீட்டில் கெடுத்துப் பார்த்திருப்பாள்? சோதனை என்பது அதுதான். ஆய்வுக்கூடத்தில் பத்து முறை தோற்றால் விஞ்ஞானி என்கிறோம். படத்தில் தோற்றால் "அழுக்கு".

பள்ளியில் அதற்கு இடம் இருக்கிறதா என்றால், அதுவும் இல்லை. வாரத்துக்கு ஒரு டிராயிங் பீரியட். அதையும் கணக்கு வாத்தியார் கடன் வாங்கிக்கொள்வார். திருப்பித் தந்ததாக வரலாறு கிடையாது. 2012இல் அரசுப் பள்ளிகளுக்கு ஓவியம், உடற்கல்வி, தையல், கணினி போன்ற பாடங்களுக்காகப் பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட பகுதி நேர ஆசிரியர்களை எடுத்தார்கள். மாதம் 5,000 ரூபாய், வாரத்தில் மூன்று அரை நாள். பிறகு சம்பளம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. ஆனால் பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் சென்னையில் வெயிலில் உட்காராத வருடம் குறைவு. மூன்று அரை நாளில் ஒரு பிள்ளையின் கையைப் பழக்கலாம். கண்ணைப் பழக்க முடியாது.

இனி சுவருக்கு வருகிறேன். இங்கேதான் நண்பரின் கோயில் வாதம் வருகிறது.

மதுரையில் பார்க்க ஒன்றும் இல்லை என்று நான் சொல்லவே இல்லை. என்னை விட அதிகமாக அதைச் சுற்றியவர்கள் குறைவு. 1569இல் அரியநாத முதலியார் கட்டிய ஆயிரங்கால் மண்டபத்தில் 985 தூண்கள். ஊஞ்சல் மண்டபத்து விதானத்தில் ராணி மங்கம்மாளை வரைந்திருக்கிறார்கள், அம்மனிடம் செங்கோல் வாங்குகிற கோலத்தில். அழகர்கோயில் வசந்த மண்டபத்தில் நாயக்கர் காலத்து ராமாயண ஓவியங்கள். அதே அழகர்மலையில் கிடாரிப்பட்டிப் பக்கம் ஏறினால் எழுத்துக்கும் முந்தைய மனிதன் பாறையில் தீட்டியது. கீழக்குயில்குடி சமணர் மலையில் சிற்பங்கள். விளாச்சேரிக்குப் போனால் மண் பொம்மைக்கு உருவம் கொடுக்கிற கைகள் இன்றைக்கும் இருக்கின்றன. சுங்குடிக்கு முடிச்சுப் போடுகிற விரல்கள் நகரத்துக்குள்ளேயே இருக்கின்றன.

சரி. இவ்வளவும் இருக்கிற ஊர் இவற்றை எப்படி வைத்திருக்கிறது? திருமலை நாயக்கர் மகால் தூண்களில் காதலர் பெயர்களைக் கீறி வைத்திருக்கிறோம். தமிழ்நாட்டுக் கோயில்களில் திருப்பணி என்ற பெயரில் பழைய சுவரோவியங்கள் மேல் எத்தனை இடத்தில் சுண்ணாம்பு ஏறியது! கல் சிற்பங்களை மணல் வீசிச் சுத்தம் செய்கிறோம் என்று முகங்களின் கூர்மையையே தேய்த்தார்கள். பலரும் கத்திய பிறகுதான் அது நின்றது. கல்லூரி என்று சொல்கிற இடத்தில் பாடப் புத்தகத்தை நாமே அழித்துக்கொண்டிருக்கிறோம்.

பிள்ளைகள் உட்கார்ந்து வரைய முடியுமா என்றால், அதுவும் சுலபம் இல்லை. நம் பக்கத்துப் பெரிய கோயில் ஒன்றுக்கு ஆறு மாணவர்களை நோட்டும் பென்சிலுமாகக் கூட்டிப் போனேன். தூணுக்கு எதிரே உட்கார்ந்து பத்து நிமிடம் ஆகவில்லை. "எந்திரிங்க, எந்திரிங்க, கூட்டம் வருது" என்று கிளப்பிவிட்டார்கள். அனுமதிக் கடிதம் கேட்டார்கள். கடிதத்துக்கு அலைந்தது ஒன்றரை மாதம். அதற்குள் பிள்ளைகளுக்குப் பரீட்சை வந்துவிட்டது. நின்று கும்பிடலாம், நடந்து பார்க்கலாம். உட்கார்ந்து பார்க்க முடியாது. ஓவிய மாணவனுக்கு உட்கார்ந்து பார்ப்பதுதான் படிப்பே.

இதை எல்லாம் விட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. கோயிலில் இருப்பது முடிந்த வேலை. நானூறு வருடத்துக்கு முன்னால் ஒரு சிற்பி எத்தனை யாளியை உடைத்துவிட்டு இந்த யாளிக்கு வந்தான் என்பதை அந்தத் தூண் சொல்லாது. அவனும் அவன் காலத்தில் சோதனை செய்தவன்தான். மகாலையே பாருங்கள். அராபிய வளைவையும் நம் ஊர்ச் சுதை வேலையையும் ஒரே கூரைக்குக் கீழே கொண்டுவந்தது 17ஆம் நூற்றாண்டின் துணிச்சல். அந்தத் துணிச்சலின் வாரிசுகளுக்கு நாம் சொல்வது என்ன? "தாத்தா செய்து வைத்துவிட்டார், நீ பார்த்துவிட்டு வீட்டுக்குப் போ."

தன் காலத்தில் வாழ்கிறவர்கள், தன் மாதிரியே குழம்புகிறவர்கள் என்ன வரைகிறார்கள் என்பதையும் ஒரு மாணவி பார்க்க வேண்டும். அதற்குத்தான் ஓவியக்கூடம். மதுரை ஜங்ஷனில் இறங்கி ஆட்டோக்காரரிடம் "ஓவியக்கூடத்துக்குப் போப்பா" என்று சொல்லிப் பாருங்கள். ஜவுளிக்கடைக்குப் போகச் சொன்னால் எந்தக் கடை என்று கேட்பார். இட்லிக்கடை என்றால் நாலு பெயர் சொல்வார். ஓவியக்கூடம் என்றால் காந்தி மியூசியத்தில் இறக்கிவிடுவார். இல்லாவிட்டால் சாமி படத்துக்குக் கண்ணாடி போடுகிற கடையில் விடுவார். அவரைச் சொல்லிக் குற்றம் இல்லை. தற்கால ஓவியங்களுக்கென்று நிரந்தரமான ஒரு பொதுக்கூடத்தை இந்த ஊர் அவருக்குக் காட்டவில்லை.

"இப்பத்தான் எல்லாப் படமும் போனிலேயே இருக்கே சார்" என்று ஒரு பெற்றோர் சொன்னார். போனில் இருக்கிறது, உண்மைதான். அதற்குப் பதிலாக ஒன்று சொல்கிறேன். 2015இல் அந்த மேலூர்ப் பெண்ணையும் இன்னும் நான்கு பிள்ளைகளையும், துணைக்கு ஓர் அம்மாவையும் கூட்டிக்கொண்டு பாண்டியனில் சென்னைக்குப் போனேன். எழும்பூர் அருங்காட்சியகத்தில் வெண்கலக் கூடம் பார்த்தோம். அங்கிருந்து ஈஞ்சம்பாக்கம் சோழமண்டலம் ஓவியர் கிராமம். கே.சி.எஸ். பணிக்கர் 1966இல் தன் மாணவர்களோடும் சக ஓவியர்களோடும் சேர்ந்து உருவாக்கிய இடம் அது. அவருடைய "சொற்களும் குறியீடுகளும்" வரிசையைச் சேர்ந்த ஒரு படத்துக்கு முன்னால் ஒரு பையன் நின்று, "சார், இது எங்க தாத்தா ஜாதகம் மாதிரி இருக்கு" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். அவன் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. கட்டம், எழுத்து, கிரகக் குறி என்று ஜாதகக் காகிதத்தின் தோற்றத்தைத்தான் பணிக்கர் எடுத்துக்கொண்டார். பாரிஸைப் பார்த்து வரைந்துகொண்டிருந்த காலத்தில், நம் வீட்டுப் பரணில் கிடக்கிற காகிதத்தில் நவீன ஓவியம் இருக்கிறது என்று காட்டியவர். பையனுக்கு யாரும் வகுப்பு எடுக்கவில்லை. சுவர் எடுத்தது.

மேலூர்ப் பெண் வேறொரு கேன்வாஸ் முன்னால் நின்றுவிட்டாள். மூக்கு படுகிற அளவுக்குக் கிட்டப் போய்ப் பார்த்தாள். பிறகு என்னிடம் வந்து காதில் சொன்னாள்: "ஐயா, ஓரத்துல அடியில பச்சை தெரியுது. முதல்ல வேற என்னமோ வரைஞ்சு, பிடிக்காம, அதுக்கு மேலயே இதை வரைஞ்சிருக்காங்க."

எந்தப் போன் இதைக் காட்டும்? பெரிய ஓவியரும் கெடுக்கிறார், அழிக்கிறார், மேலே பூசுகிறார். இதை அந்தப் பெண் தன் கண்ணால் கண்டுபிடித்த நிமிடத்தில், "அழுக்கா இருக்கு" என்ற தீர்ப்பு அவள் தலையில் இருந்து இறங்கிவிட்டது. போனில் படத்தின் உயரம் தெரியாது, வண்ணத்தின் தடிமன் தெரியாது, தூரிகை தயங்கிய இடம் தெரியாது. உள்ளங்கை அளவுக்கு எல்லாப் படமும் ஒரே அளவு, ஒரே பளபளப்பு.

சென்னைப் பிள்ளைக்கு இது பஸ்ஸில் போய்த் திரும்புகிற ஒரு மாலை. மதுரைப் பிள்ளைக்கு இரண்டு இரவு ரயில், துணைக்கு ஆள், சாப்பாட்டுச் செலவு. தேனிப் பிள்ளைக்கும் ராமநாதபுரத்துப் பிள்ளைக்கும் இன்னும் கூட.

அடுத்தது கல்லூரி. அலெக்சாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர் 1850இல் சென்னையில் ஓவியப் பள்ளியைத் தொடங்கினார். அதுதான் இன்றைய எழும்பூர் அரசு கவின் கலைக் கல்லூரி. இன்னொன்று கும்பகோணத்தில். சிற்பத்துக்கு மாமல்லபுரம். கும்பகோணத்துக்குத் தெற்கே கன்னியாகுமரி வரை அரசு ஓவியக் கல்லூரி ஒன்றுகூடக் கிடையாது. பக்கத்துக் கேரளத்தைப் பாருங்கள். ஜனத்தொகையில் நம்மில் பாதிதான். திருவனந்தபுரம், மாவேலிக்கரை, திருப்பூணித்துறை, திருச்சூர் என்று நான்கு இடங்களில் அரசுக் கல்லூரி. லலிதகலா அகாடமி பல மாவட்டங்களில் கூடங்கள் நடத்துகிறது. 2012இல் இருந்து கொச்சியில் பியனாலே. பழைய கிட்டங்கிகளிலேயே உலக ஓவியர்கள் காட்சி வைக்கிறார்கள். சென்னையை விடக் கொச்சி நமக்குப் பக்கம் என்பது எத்தனை மதுரைப் பெற்றோருக்குத் தெரியும்?

மேலூர்ப் பெண்ணுக்குக் கும்பகோணத்தில் இடம் கிடைத்தது. அவள் அப்பா என் வீட்டுத் திண்ணையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். "ஐயா, பொம்பளப் புள்ளய அம்புட்டுத் தூரம் எப்படிங்கய்யா அனுப்புறது?" அவர் கேட்டது நியாயமான கேள்வி. மதுரையில் கல்லூரி இருந்திருந்தால் அந்தக் கேள்வியே எழுந்திருக்காது. மேலூரில் இருந்து டவுன் பஸ். கடைசியில் அவர் அனுப்பினார். நான்கு வருடத்தில் அந்தப் பெண் செய்து பார்க்காத சோதனை இல்லை. முதல் வருடம் கல் தூளை விட்டுவிட்டு எண்ணெய் வண்ணத்துக்கு ஓடினாள். இரண்டாம் வருடம் அதுவும் சலித்து மரத்தில் செதுக்கி அச்செடுத்தாள். மூன்றாம் வருடம் வகுப்போடு கொச்சி பியனாலேவுக்குப் போனாள். திரும்பி வந்து, மறுபடியும் கிரானைட் தூளைக் கேட்டு அப்பாவுக்குப் போன் செய்தாள். போட்டியில் தோற்ற அதே தூள். இந்த முறை எட்டடிக்கு ஆறடி. சுற்றிவிட்டுத் தன் ஊருக்கே வந்து சேர ஒரு பிள்ளைக்கு நான்கு வருடமும் நிறையக் கெட்டுப்போன தாள்களும் தேவைப்பட்டன. கல்லூரி என்பது அந்த நேரத்தைக் கொடுக்கிற இடம், வேறொன்றும் இல்லை.

அந்த ரயிலில் வந்த, ஜாதகம் என்று சொன்ன பையனுக்குக் கதை வேறு. அவன் கண் அந்தப் பெண்ணின் கண்ணை விடக் கூர்மை என்று இன்றைக்கும் சொல்வேன். அவன் வீட்டில் சென்னைக்கோ கும்பகோணத்துக்கோ அனுப்ப வழியில்லை. இப்போது ஒரு ஃப்ளெக்ஸ் கடையில் வேலை. கண்ணீர் அஞ்சலிப் பலகைக்கு இறந்தவர் படத்தை வெட்டி, சட்டை மாட்டி, பின்னால் மேகம் வைத்துக் கொடுக்கிறான். ஒரு நாளைக்கு இருபது. வேலையை நான் குறைத்துச் சொல்லவில்லை. அதில்தான் அவன் வீட்டு அடுப்பு எரிகிறது. ஆனால் அந்தக் கண்ணுக்கு இந்த நகரம் கொடுத்தது அவ்வளவுதான்.

ஒரு காலத்தில் கல்லூரி இல்லாவிட்டாலும் ஏணி என்று ஒன்று இருந்தது. கோவில்பட்டியில் கொண்டையராஜு. 1898இல் பிறந்தவர். சென்னைக் கலைப் பள்ளியில் பயின்று, நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை வரைந்து, பிறகு கோவில்பட்டியிலேயே தங்கி ஒரு சீடர் பட்டாளத்தை உருவாக்கினார். சிவகாசிக் காலண்டரில் நாம் கும்பிட்ட லட்சுமியும் முருகனும் அந்தப் பட்டறையில் பிறந்தவர்கள். மதுரையில் சினிமா பேனர் கடைகள் இருந்தன. தங்கம் தியேட்டர் வாசலில் நின்று அண்ணாந்து பார்த்த முகங்களைக் கட்டம் போட்டு, சாரத்தில் ஏறி, கையால் தீட்டினார்கள். எடுபிடியாகச் சேர்ந்த பையன் பிரஷ் கழுவிக் கழுவியே வண்ணம் கற்றுக்கொண்டான். 2000க்குப் பிறகு ஃப்ளெக்ஸ் வந்தது. சில வருடங்களில் அந்தக் கடைகள் போயின. பழைய ஏணி போய்விட்டது, புதிய ஏணி வரவில்லை. ஆக இன்றைய மதுரைப் பிள்ளையின் நிலை, அவன் தாத்தா காலத்தை விட மோசம்.

"மனோகர் தேவதாஸ் எந்தக் கல்லூரியில் படித்தார்?" என்று உடனே ஒரு கேள்வி வரும். வரட்டும். அவர் இந்த ஊரின் பெருமை. வேதியியல் படித்தவர், பேனாவும் மையும் கொண்டு மதுரையின் கல்லையும் தெருவையும் வரைந்தவர், கண்பார்வை மங்கிக்கொண்டே வந்த நோயோடு போராடிக்கொண்டே வரைந்தவர். 2020இல் பத்மஸ்ரீ. அவரைக் காட்டிக் கல்லூரி வேண்டாம் என்பது, காமராஜர் பள்ளிப் படிப்பை முடிக்காமலே முதலமைச்சர் ஆனார், ஆகவே பள்ளிக்கூடம் வேண்டாம் என்பது மாதிரி. அந்தக் காமராஜரே ஊர் ஊராகப் பள்ளி திறந்தார் என்பதை மறந்துவிடக் கூடாது.

மறுபக்கத்தையும் பாருங்கள். டிராட்ஸ்கி மருது மதுரைக்காரர், 1953இல் பிறந்தவர். சென்னைக்குப் போய் ஓவியக் கல்லூரியில் படித்தார். பத்திரிகைக் கோட்டோவியத்தில் இருந்து கணினி ஓவியம், அனிமேஷன் வரை போனார். ஆதிமூலம் திருச்சிப் பக்கத்துக் கீழக்குறிச்சியில் பிறந்தவர். அவரும் சென்னைக்குப் போனார். மைக்கோட்டில் காந்தியை நூறு விதமாக வரைந்தார். பிறகு பழைய ராஜாக்கள். பிறகு உருவமே இல்லாத வண்ணப் பரப்புகள். முதல் காந்திக்கே கேடயம் கொடுத்து "இதையே போடுங்க தம்பி" என்று நிறுத்தியிருந்தால் அந்தப் பயணம் நடந்திருக்குமா? வெளியே போன பிறகுதான் நம் பிள்ளைகள் வளர்கிறார்கள் என்றால் வெட்கப்பட வேண்டியது ஊர்தான்.

"படிச்சா வேலை கிடைக்குமா?" இதுவும் ஒரு கேள்வி. கிடைக்கும். துணி வடிவமைப்பு, சினிமா கலைத்துறை, அனிமேஷன், பாடநூல் படங்கள் என்று இருக்கிறது. கீழடி மாதிரி அகழாய்வுகளில் பானை ஓட்டை அளந்து வரைய ஆள் வேண்டும். கோயில் சுவரோவியத்தைக் காப்பாற்றப் பயிற்சி பெற்ற கை வேண்டும். மதுரையைச் சுற்றி அந்த வேலை நூறு வருடத்துக்குக் கிடக்கிறது. ஆனால் வேலையை மட்டும் வைத்து நான் பேசத் தயாரில்லை. பி.இ. முடித்த பிள்ளைகளுக்கெல்லாம் வேலை உறுதி என்று யார் எழுதிக் கொடுத்தார்கள்? அங்கே கேட்காத கேள்வியை இங்கே மட்டும் கேட்பது ஏன்?

பணம் இல்லை என்றும் சொல்ல முடியாது. 2023இல் நத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் வந்தது. யார் வந்து படிக்கப் போகிறார்கள் என்று கேட்டவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று அங்கே இடம் பிடிக்கப் போகிறார்கள். 2024இல் கீழக்கரையில் அறுபது கோடிக்கு மேல் செலவில் ஏறுதழுவுதல் அரங்கம் வந்தது. மாட்டுக்கு அரங்கம் வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். நானும் வாடிவாசல் பார்த்து வளர்ந்தவன். மாட்டுக்கு அறுபது கோடி கொடுக்க முடிந்தால் படத்துக்கு ஒரு சுவர் கொடுக்க முடியும் என்றுதான் சொல்கிறேன்.

நான் கேட்பது நான்கு.

ஒன்று, மதுரையில் ஓர் அரசு கவின் கலைக் கல்லூரி. முதலில் முப்பது இடங்கள் போதும், பழைய கட்டடம் போதும். பெண்களுக்கு விடுதி கட்டாயம் வேண்டும்.

இரண்டு, கட்டணம் இல்லாத ஒரு பொது ஓவியக்கூடம். அது வரும் வரைக்கும் தமுக்கத்தில் கட்டிய மாநாட்டு மையத்தில் வருடத்துக்கு ஒரு மாதம் ஓவியத்துக்கு ஒதுக்கட்டும். சென்னையில் அரசுக் கிடங்கில் இருக்கிற படங்கள் மதுரைக்கும் ஒரு முறை ரயில் ஏறட்டும்.

மூன்று, பள்ளிகளில் முழு நேர ஓவிய ஆசிரியர்கள்.

நான்கு, ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு மணி நேரம், மாணவர்கள் கோயில் மண்டபங்களிலும் மகாலிலும் உட்கார்ந்து வரைய நிரந்தர அனுமதி. பள்ளி அடையாள அட்டையைக் காட்டினால் போதும் என்று ஓர் உத்தரவு. இதற்கு ஒரு பைசா செலவு இல்லை. கோயில்தான் கல்லூரி என்று சொல்கிறவர்கள் முதலில் இதை வாங்கிக் கொடுக்கட்டும்.

இந்த நான்கையும் மனுவாக எழுதி வைத்திருக்கிறேன். அடுத்த திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர் நாள். காலை பத்து மணிக்கு வரிசையில் நிற்பேன். என் பழைய மாணவர்கள், ஓவிய ஆசிரியர்கள், வரைகிற பிள்ளையை வைத்திருக்கிற பெற்றோர் யார் வந்தாலும் சந்தோஷம். காலை நடை நண்பரும் வந்து கையெழுத்துப் போடுவதாகச் சொல்லியிருக்கிறார், கோயில் விஷயத்தில் மட்டும் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. வரும்போது உங்கள் பிள்ளை கெடுத்த தாள் ஒன்று வீட்டில் கிடந்தால் அதையும் எடுத்து வாருங்கள். மயில் வேண்டாம். மனுவோடு அதையும் வைத்துக் கொடுப்போம்.